கணுக்கால் வரை

உங்கள் அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'இத்துறையின் முன்னோடி' என்று போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள், அச்சடித்தது அச்சடித்தாயிற்று, அழிக்கச் சொல்லிக் கரைச்சல் தரமாட்டேன். ஆனால் உண்மை உங்களுக்குத் தெரிய வேண்டும். எழுபதுகளில் நான் திருகோணமலை ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தவள். மடங்காத கை கால்களை மடக்க வைப்பதும், மடங்கிக் கிடப்பவர்களை நிமிர்த்தி நடக்க வைப்பதும் என் தொழில். நீங்கள் இன்று வாய் நிறையச் சொல்லும் உயிர்மருத்துவப் பொறியியல் என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. பேராசிரியர்கள் மட்டும் வந்து சேர்ந்தார்கள்.

நாட்டில் அப்போது ஒரே ஒரு பல்கலைக்கழகம். இன்று தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக நீங்கள் காண்பவற்றில் பல, அன்று அதன் வளாகங்கள். நாங்கள் கம்பஸ் என்போம். எல்லோரும் ஒரே குடும்பம் என்று மேலே இருந்தவர்கள் மேடைதோறும் சொன்னார்கள். குடும்பம்தான், இல்லையென்று சொல்லவில்லை. காணி பிரிக்காத குடும்பம்.

இறக்குமதியை எல்லாம் இறுக்கிப் பிடித்திருந்த காலம் அது. பருப்புக்கே தட்டுப்பாடு என்றால் வெளிநாட்டுச் செயற்கைக் காலுக்கு எங்கே போவது? ஆகவே மூன்று கம்பஸ்கள் சேர்ந்து உள்ளூரிலேயே ஒரு கால் செய்வதென்று தீர்மானித்தன. கூட்டத்தைத் திருகோணமலையில் வைத்தார்கள். ஒரு கம்பஸ்காரர் மற்றவரின் வாசல்படி ஏறினால் யாரோ ஒருவருக்கு மரியாதைக் குறைவாகிவிடும். இங்கே வந்தால் மூன்று பேருக்கும் அது பிறத்தியார் வீடு. நிலாவெளியில் கடல் குளிக்கலாம், நண்டுக்கறி சாப்பிடலாம் என்பதும் காரணமாக இருந்திருக்கும். களப் பொறுப்பாளர் என்று என்னை நியமித்தார்கள். தேநீர் வரவில்லை என்றால் என்னைத்தான் பார்ப்பார்கள்.

கம்பஸ்களின் பெயர்களைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்றைக்கும் கோபிக்க ஆள் இருக்கிறது. அவரவர் எடுத்துக்கொண்ட பங்கைக் கொண்டு நானே பெயர் வைத்துக்கொண்டேன். வெட்டியது போக மிஞ்சியிருக்கும் கால் போய் உட்கார ஒரு கிண்ணம் வேண்டும். அதைச் செய்தது கிண்ணக் கம்பஸ். அதற்குக் கீழே எலும்புக்குப் பதிலாக ஒரு குழாய். அது குழாய்க் கம்பஸ். அடியில் பாதம், அது பாதக் கம்பஸ்.

கால் இல்லாதவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். இறக்கக்கண்டிக் கரையோரக் கிராமத்து மீராசாக் காக்கா; காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன், மிசி என்றால் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நான். தோணியால் கடலில் வலை வளைத்துக் கரையிலிருந்து இழுக்கும் கரைவலைக்காரர். திருக்கை முள் குத்தி, புண் பழுதாகி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். பேராசிரியர்கள் மேசையில் ஒரு காலைப் படமாக வரைந்து கோடு போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"மாட்டுப் பங்கு போடுற மாதிரி இரிக்கு மிசி. ஈரல் ஆருக்கு?"

சிரிப்பை அடக்க நான் சன்னல் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று.

கூட்ட முடிவுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, சிங்களத்திலும் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு எல்லோருக்கும் வந்தன. தமிழ்ப் பிரதியில் இப்படி இருந்தது: முழங்காலிலிருந்து கணுக்கால் வரை குழாய்க் கம்பஸ், கணுக்காலிலிருந்து விரல்கள் வரை பாதக் கம்பஸ். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை லீவு என்று ஒருவர் எழுதித் தந்தால் வெள்ளிக்கிழமை வேலைக்கு வருவாரா மாட்டாரா என்று எந்தக் கந்தோரிலும் அடிபிடி நடக்கும். கணுக்கால் விஷயத்தில் மட்டும் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. மூன்று மொழியிலும் அதே ஓட்டை அப்படியே இருந்தது. மொழிபெயர்த்தவர் நேர்மையானவர்.

மாதங்கள் போயின. மூன்று பொதிகள் மூன்று திசையிலிருந்து வந்தன, கடைசியாகப் பாதம். மறுநாள் காலை கொழும்பிலிருந்து பெரிய உத்தியோகத்தர்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிடித்தால் திட்டம் தொடரும், பிடிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் மூன்று துண்டையும் பூட்டி மீராசாக் காக்காவுக்கு மாட்டி எழுப்பி நிறுத்தினேன். மனிதர் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றார். வலது இடுப்பு மேலே, இடது இடுப்பு கீழே.

"மிசி, ஒரு பக்கம் மட்டும் நான் வளந்திட்டன் போல."

குனிந்து பார்த்தேன். குழாயின் அடியில் உருக்கில் செய்த ஒரு பிணைச்சல், கணுக்கால் மடங்குவதற்கு. அதற்குக் கீழே பாதத்தின் மேல், தடித்த இறப்பர்க் கட்டி ஒன்று, அதுவும் கணுக்கால் மடங்குவதற்கு. இரண்டு கம்பஸும் ஆளுக்கொரு கணுக்கால் செய்து அனுப்பியிருந்தன. அடி எடுத்து வைத்தால் இரண்டு இடத்தில் மடிந்தது. ஆட்டுக்கும் அப்படி மடியாது.

ட்ரங்க் கோல் போட்டேன். குழாய்ப் பேராசிரியர் யோசிக்கவே இல்லை.

"கணுக்கால் வரை எண்டால் கணுக்காலும் சேர்த்துத்தானே பிள்ளை? உங்களுக்குத் தமிழ் தெரியாதோ?"

பாதப் பேராசிரியர் சிங்களவர், என்னோடு ஆங்கிலத்தில் கதைப்பார். கணுக்காலிலிருந்து என்றால் கணுக்கால்தான் தொடக்கம், தொடக்கம் இல்லாமல் எதுவும் தொடங்காது என்றார். அவர் சொன்னதும் சரி. கிண்ணப் பேராசிரியரையும் கேட்டு வைப்போம் என்று எடுத்தேன்.

"நாங்கள் முழங்காலோட நிக்கிறம் தங்கச்சி. கீழ உள்ள கதை எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லி மகிழ்ச்சியாகப் போனை வைத்தார்.

குழாயும் பாதமும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. கணுக்காலில் நான் கை வைக்கக் கூடாது. நாளைக்கு வந்து காலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய், அடுத்த தவணைக் கூட்டத்தில் பேசி முடிவெடுப்பார்கள். வருகிற அதிகாரிகளைக் கதை சொல்லிச் சமாளித்து அனுப்பலாம்.

இதை மீராசாக் காக்காவிடம் சொன்னேன். அவர் பகிடி விடவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

"வாற கிழமை இந்தப் பருவத்துக்கு முதல் வலை இறக்கிறம் மிசி. தோணிக்குள்ள பின்பக்கம் நிண்டு பெரிய துடுப்புப் பிடிக்கிறது என்ட வேலை. குந்தி இரிந்து பிடிக்க ஏலாது, அலை தெரியாது. நான் நிக்காட்டி தம்பி நூர்தீன் நிப்பான்."

"இந்த வருசம் அவர் நிக்கட்டுமே காக்கா. அடுத்த வருசம் நீங்கள் நில்லுங்கோவன்."

"ஒருக்கா அதில நிண்டவன் பிறகு இறங்கமாட்டான் மிசி. நான் அப்பிடித்தான் எங்கட மாமாட்ட இரிந்து எடுத்தனான்."

பிறகு மெதுவாகச் சொன்னார். "கரையில இரிந்து மீன் பொறுக்கச் சொல்லுவாங்க. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டே சொல்லுவாங்க. அதைக் கேக்கிறதுக்கு நான் மவுத்தாப் போகலாம்."

சாவைப் பற்றி வாயெடுக்கிற ஆளே இல்லை அவர். எனக்கு ஆத்திரம் வந்தது. பேராசிரியர்கள் கெட்டவர்கள் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். நல்ல மனிதர்கள், நன்றாகச் செய்த கணுக்கால்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

பிள்ளைகள், இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு கணுக்காலை வெட்ட வேண்டும். வெட்டினால் ஒட்டாது. எதை வெட்டுவது? பலகைத் துண்டு வைத்து, பன்டேஜால் இறுக்கிக் கட்டி, முதலில் இறப்பரை மடங்காமல் செய்து உருக்குப் பிணைச்சலோடு நடக்க விட்டேன். ஆஸ்பத்திரி விறாந்தையின் சீமெந்தில் மீராசாக் காக்கா கலியாண மாப்பிள்ளை போல நடந்தார். நோயாளர் வாட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். பிறகு உருக்கைக் கட்டிவிட்டு இறப்பரோடு நடக்க விட்டேன். நொண்டினார். பார்க்க நன்றாகவே இல்லை.

அதோடு விட்டிருந்தால் என் வேலை எளிது. ஆனால் அவர் விறாந்தையில் வலை இறக்கப் போவதில்லையே. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உருக்குக் கணுக்கால் ஈர மணலில் கொஞ்சத் தூரம் போனதும் நறநறவென்று சத்தம் போட்டது, பிறகு சத்தமும் நின்றது, மணல் புகுந்து இறுகிவிட்டது. மனிதர் முகம் குப்புற விழுந்தார். அலை வந்து அவர் மேலே ஏறி இறங்கியது. ஓடிப்போய்த் தூக்கினேன். வாயில் போன மணலைத் துப்பிவிட்டு எழுந்தார். அடுத்து இறப்பரோடு தண்ணீருக்குள்ளேயே இறக்கினேன். அலை வரும்போது கொஞ்சம் நசிந்தது, போகும்போது நிமிர்ந்தது. அவர் நின்றார். நொண்டினாலும் விழவில்லை.

இன்னொரு விஷயமும் இருந்தது. "இந்தக் காலுக்கும் தொழுகைக்கு முதல் உளூச் செய்யவேணுமா எண்டு பள்ளிவாசல்ல கேட்டன் மிசி" என்றார் துணியைப் பிழிந்துகொண்டே. "தேவையில்லை எண்டுட்டாங்க. ஆனா ஒண்டைக் கழுவி மத்ததை விட்டா மனசு ஒருமாதிரி இரிக்கும். நான் ரெண்டையும்தான் கழுவுவன்." தொழுகைக்குத் தொழுகை தண்ணீர் ஊற்றினால் அந்த உருக்கு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கணக்குப் பார்க்கப் பேராசிரியர் தேவையில்லை.

ஆக, விறாந்தையில் அதிகாரிகளுக்குக் காட்ட உருக்கு. கடலில் மனிதருக்கு இறப்பர். இறப்பரை விட்டால் நாளைக்கு எல்லோர் முன்னாலும் நொண்டுவார், திட்டத்துக்கும் எனக்கும் நல்ல பெயர் கிடைக்காது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதை வெட்டப் போறீங்க மிசி?"

"உருக்கை."

"நாளைக்கு உங்களுக்கு ஏச்சு விழுமே?"

"விழட்டும். நீங்கள் விழாட்டில் சரி."

என் கணவர் துறைமுகப் பட்டறையில் இரும்பு வேலை செய்கிறவர். காலைத் துணியில் சுற்றி அவரிடம் கொண்டு போனேன். பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது ஆற்ற கால்?"

"அரசாங்கத்தின்ர."

"அப்ப வெட்டினால் மறியலுக்குள்ள போடுவாங்கள்."

"நான்தானே வெட்டச் சொன்னது."

"ரெண்டு பேரும் போனால் சோறு ஆர் சமைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இரும்பு அறுக்கிற வாளை எடுத்தார். உருக்கை வெட்டி, குழாயை இறப்பர்க் கட்டியோடு நேராகப் பொருத்தி ஆணி முறுக்கினார். வெட்டிய பிணைச்சலை நான் கழுவித் துடைத்து, பன்டேஜ் துணியில் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி வைத்தேன்.

மறுநாள் விறாந்தையில் கதிரை போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். மீராசாக் காக்கா நடந்தார். நொண்டினார். கொழும்பு அதிகாரிகளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அது கெட்ட சகுனம். குழாய்ப் பேராசிரியர் எழுந்து வந்து காலடியில் குனிந்தார்.

"எங்க என்ர கணுக்கால்?"

துணிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். "இந்தாங்கோ சேர். சுகமாயிருக்குது."

பாதப் பேராசிரியருக்கு முதலில் முகம் மலர்ந்தது. தன்னுடையது வென்றுவிட்டது என்று நினைத்தார். அடுத்த சுற்று நடையில் அந்த நொண்டலைப் பார்த்ததும், இது தன் வடிவமைப்பின் குறை அல்ல, பூட்டிய விதம் பிழை என்று ஆங்கிலத்தில் சொன்னார். கடலில் எப்படி நிற்கிறது என்று போய்ப் பார்ப்போம் என்றேன். சப்பாத்து நனையும் என்று யாரும் வரவில்லை. கடைசியில் ஏகமனதாக ஒரு முடிவு எடுத்தார்கள்: காலைக் கழற்றி எடுத்துப் போவது, உபகுழு ஒன்று அமைப்பது. கிண்ணப் பேராசிரியர்கூட அதற்குக் கை தூக்கினார்.

மீராசாக் காக்கா இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டார். என் வாயில் அந்த நேரம் வந்தது இதுதான்: "நோயாளிக்குப் பூட்டினதைக் கழட்டுறதெண்டால் பெரிய டொக்டர் சொல்லவேணும்."

அப்படி ஒரு சட்டம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் பெரிய டொக்டர் என்ற சொல்லுக்கு மேல் சொல் கிடையாது என்பது பேராசிரியர்களுக்கும் தெரியும். மீராசாக் காக்காவின் சொந்தக் காலை எடுத்த சத்திரசிகிச்சை நிபுணர் அவர்தான். வாய் திறந்து பேசுவதைச் செலவாக நினைக்கிற மனிதர். சொல்லி அனுப்பியதும் ஒப்பரேஷன் தியேட்டரிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இரண்டு கணுக்கால் கதையை நான் தொடங்கினேன், அவர் கை காட்டி நிறுத்தினார். மீராசாக் காக்காவிடம் போனார்.

"நோகுதோ?"

"இல்லை ஐயா."

"அப்ப வீட்ட போங்கோ."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். பேராசிரியர்கள் தங்கள் காகிதங்களைக் கட்டினார்கள். மூன்று கம்பஸின் கால் நிலாவெளி பஸ்ஸில் ஏறி இறக்கக்கண்டிக்குப் போனது. திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். எனக்கு விளக்கம் கேட்டு வந்ததும், நான் கொடுத்ததும் உங்களுக்கு வேண்டாம். சலிப்பான விஷயம்.

மறு கிழமை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வலை இறக்கினார்களா, அவர் நின்றாரா, விழுந்தாரா? கேட்டு ஆள் அனுப்பவும் மனம் பயந்தது. கடைசியில் செய்தி தானாக நடந்து வந்தது. தம்பி நூர்தீன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"மிசி, என்ன வேலை செஞ்சு வெச்சிரிக்கீங்க? காக்கா திரும்பி வந்து பின்னால நிக்கிறார். இறங்கச் சொன்னா ஏசுறார். நான் எங்க நிக்கிறது?"

"நீங்கள் மற்றாக்களோட குந்தியிருந்து தண்டு வலியுங்கோ தம்பி" என்றேன். என் வாழ்க்கையில் வேறெந்த முறைப்பாட்டையும் நான் அவ்வளவு சந்தோசமாகக் கேட்டதில்லை. உள்ளே போய் மருந்து அலுமாரிக்குப் பின்னால் நின்று கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு சில வருடங்களில் காணி பிரித்தார்கள். ஒரே பல்கலைக்கழகம் பல பல்கலைக்கழகங்களாயிற்று. பிரியும்போது எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான் நடந்தது: இந்த மேசை யாருடையது, அந்த விசிறி யாருடையது? காலின் மூன்று துண்டிலும் மூன்று கம்பஸும் தங்கள் பொருள் இலக்கத்தைப் பெயின்டால் எழுதியிருந்தன. இப்போது மூன்றுக்கும் அவரவர் துண்டு வேண்டும். கிண்ணம் ஒருவருக்கு, குழாய் ஒருவருக்கு, பாதம் ஒருவருக்கு. இதற்காக மூன்று பேரும் சேர்ந்து ஒரே உத்தியோகத்தரை அனுப்பினார்கள். அத்தனை வருடக் கூட்டு முயற்சியில் மூவரும் குழப்பமில்லாமல் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

வந்தவர் நல்ல பொடியன்தான். நன்றாக அயர்ன் பண்ணிய காற்சட்டை. களப் பொறுப்பாளர் என்று பழைய காகிதங்களில் என் பெயர் இருந்ததால் என்னைத் தேடி வந்தார். போகிற வழி முழுக்க அவர் கொண்டுவந்த காகிதத்தில் பிழை தேடினேன். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. இந்த முறை பெரிய டொக்டரும் இல்லை, மாற்றலாகிப் போய்விட்டார்.

இறக்கக்கண்டிக் கரையில் ஜீப்பை நிறுத்தி இறங்கினோம். வலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தோணி அலையைத் தாண்டுகிற நேரம். உள்ளே வரிசையாக உட்கார்ந்து ஆட்கள் தண்டுத் துடுப்பு வலிக்கிறார்கள், நூர்தீனும் அதற்குள் இருந்தார். பின்னால் ஒருவர் நின்று பெரிய துடுப்பைப் பிடித்திருந்தார். ஒரு பெரிய அலை தோணியை மேலே தூக்கிக் கீழே போட்டது. நின்றவர் முழங்காலை மடித்து, நிமிர்ந்து, அப்படியே நின்றார்.

உத்தியோகத்தர் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அந்தக் குந்தியிருக்கிற ஆக்களுக்குள்ள எவர் மிஸ், கால் இல்லாதவர்?"

நீங்களே பாருங்கோ சேர் என்றேன். அவர் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். நூர்தீனின் மேல் கொஞ்சம் சந்தேகம் வந்தது போலிருந்தது, ஆனால் அந்த நேரம் நூர்தீன் எழுந்து தோணியின் மறுபக்கத்துக்குத் தாண்டிப் போனார். பிறகு உத்தியோகத்தர் ஜீப்பின் மேல் காகிதத்தை வைத்து, நேரில் சென்று தேடியும் பொருளைக் காணக் கிடைக்கவில்லை என்று எழுதினார். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

தோணியில் நின்றவர் எங்களைக் கண்டுவிட்டு ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். உத்தியோகத்தரும் மரியாதையாகக் கையைத் தூக்கி ஆட்டினார்.